'சரிங்க டாக்டர்'னு தலையாட்டிட்டு மாறாமலே இருப்பது ஏன்? நோயாளியிடம் பேசும் விதத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா?

"உப்பைக் குறைங்க, சோத்தைக் குறைங்க, தினமும் நடங்க, பீடியை விடுங்க." இந்த நாலு வரியைக் கேட்காமல் சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் ரொம்பக் குறைவாகத்தான் இருப்பார்கள். கேட்டவர் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டியிருப்பார். அடுத்த மாதம் அதே வரிசையில், அதே சீட்டோடு, ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையோடு வந்து நிற்பார். சொன்னவருக்கு எரிச்சல். கேட்டவருக்குக் கூச்சம். சிலர் திட்டு வாங்கப் பயந்தே அடுத்த முறை வராமல் இருந்துவிடுவார்கள்.

தவறு யாருடையது? நோயாளிக்கு அக்கறை இல்லை என்பது மருத்துவமனைப் பக்கத்துப் பதில். சொன்ன விதத்திலேயே சிக்கல் இருக்கிறது என்பது கடந்த 40 ஆண்டு ஆராய்ச்சி தரும் பதில். பேசும் விதத்தை மாற்ற டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தர முடியும். ஆனால் அந்தப் பயிற்சி பலரும் நினைப்பதுபோல ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்பும் ஒரு சான்றிதழுமாக முடிந்துவிடுவதில்லை.

புதுச்சேரிக்கு இது ஏன் அவசரம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. அதன்படி நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் அது 26.3 சதவீதம். அதாவது நாலு பேரில் ஒருவருக்கு மேல். கோவா (26.4) மட்டுமே இதைவிட 0.1 புள்ளி முன்னே.

புதுச்சேரி மாவட்டத்தின் கிராமப்புறம் 5 கொம்யூன் பஞ்சாயத்துகளாகப் பிரிந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதில் வில்லியனூரும் பாகூரும் இரண்டு. பாகூர் என்றாலே ஏரிப் பாசனமும் நெல்லும்தான் நினைவுக்கு வரும், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பகுதி. அங்கே நெல் விளைவிக்கும் ஒருவரிடம் "அரிசிச் சோத்தை விடுங்க" என்று ஒரே வரியில் சொல்வது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடையும் கள்ளுக்கடையும் புதுச்சேரியில் அரசு அனுமதியோடு நடக்கின்றன.

டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்ற வழக்கமான காரணத்தை இங்கே சொல்லவும் முடியாது. ஜிப்மர் மருத்துவமனையின் கிராமப்புற சுகாதார மையம் வில்லியனூர் கொம்யூனில் உள்ள ராமநாதபுரத்தில் இயங்குகிறது. ஸ்ரீ லட்சுமி நாராயணா மருத்துவக் கல்லூரியும் வில்லியனூர் பகுதியில்தான். பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி, கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி. (பிள்ளையார்குப்பம் இரண்டு உண்டு. ஜிப்மர் கிராம மையத்தின் சேவைப் பகுதியில் இருக்கும் வில்லியனூர் பக்கத்துப் பிள்ளையார்குப்பம் வேறு. வெளியூர் மருத்துவ மாணவர்கள் பஸ் மாறி ஏறிவிடக்கூடும்.) ஒரு சின்ன நிலப்பரப்புக்குள் இத்தனை மருத்துவக் கல்லூரிகள் இருந்தும் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால், டாக்டர்களின் எண்ணிக்கையைக் காரணம் காட்ட வழியில்லை.

நடந்தால் பிரஷர் குறையும் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வைத் தேடவும் வேண்டாம். புதுச்சேரி நகரத்தின் குருசுக்குப்பம் பகுதியில், ஜிப்மரின் நகர்ப்புற மையத்தை ஒட்டியே ஒரு ஆய்வு நடந்து 2009-ல் வெளியானது. பிரஷர் எல்லையில் இருந்த அல்லது எல்லையைத் தாண்டிய 113 இளவயதினர் நாலு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு வாரத்தில் 3, 4 நாள் வேகமாக நடந்தது. ஒன்று உப்பைப் பாதியாகக் குறைத்தது. ஒன்று யோகா செய்தது. இன்னொன்று எதுவும் செய்யவில்லை. 8 வாரத்தில் நடந்தவர்களின் மேல் அளவு 5.3 புள்ளியும் கீழ் அளவு 6 புள்ளியும் இறங்கியது. உப்பும் யோகாவும்கூடப் பலன் தந்தன, ஆனால் நடைக்கு அடுத்தபடிதான்.

சர்க்கரைக்கும் அப்படியே. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களில் வெறுமனே விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு 3 ஆண்டுகளில் நோய் வந்தது. உணவையும் உடல் உழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் ஏறத்தாழ அதே அளவுதான்.

ஆக, என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். மருந்துச்சீட்டில் எழுத முடியாத அந்த மாற்றத்தை ஒருவரின் அன்றாடத்துக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் தெரியாமல் நிற்கிறது.

'மோட்டிவேஷனல்' என்றால் மேடைப் பேச்சு அல்ல

இதற்கான முறையின் பெயர் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்'. தமிழில் 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்று சொல்கிறார்கள். இரண்டு சொல்லுமே வழிதவற வைப்பவை. இது ரீல்ஸில் வரும் மோட்டிவேஷன் பேச்சு கிடையாது. வேலைக்கு எடுக்கும் இன்டர்வியூவும் கிடையாது. மாற வேண்டும் என்ற காரணம் ஏற்கெனவே நோயாளிக்குள்ளேயே இருக்கிறது, அதை அவர் வாயாலேயே சொல்லவைக்கும் உரையாடல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1980-களின் தொடக்கத்தில் நார்வேயில் தங்கியிருந்தபோது, மது அடிமைகளுக்குச் சிகிச்சை தரும் இளம் உளவியலாளர்களிடம் தன் முறையைச் செய்து காட்டினார். அவர்கள் நடுநடுவே நிறுத்தி, "இப்போ ஏன் இப்படிக் கேட்டீங்க? இதை ஏன் விட்டுட்டீங்க?" என்று துளைத்தெடுத்தார்கள். அதுவரை தன்னையறியாமல் செய்துவந்ததை அவர் வார்த்தையாக்க வேண்டியிருந்தது. அதுதான் 1983-ல் கட்டுரையாகவும், ஸ்டீஃபன் ரோல்னிக் சேர்ந்துகொண்ட பிறகு 1991-ல் புத்தகமாகவும் வந்தது. 2023-ல் அதன் நாலாவது பதிப்பு வெளியானது.

மில்லரும் சக ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு முடிவு இன்றும் பலரைத் திகைக்க வைக்கும். சிகிச்சை தருபவர் எந்த அளவுக்கு நோயாளியிடம் மல்லுக்கட்டிப் பேசினாரோ, அந்த அளவுக்கு அந்த நோயாளி ஒரு வருடம் கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படி? தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல்வழக்கே இருக்கிறது: "ரெண்டு மனசா இருக்கு." பீடியை விட வேண்டும் என்று ஒரு மனசு, விட முடியாது என்று ஒரு மனசு. செவிலியர் 'விடணும்' என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டு வாதாடினால், நோயாளிக்கு மிச்சமிருப்பது 'முடியாது' என்ற பக்கம்தான். அவர் அதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்வார். சொல்லச் சொல்ல அவை அவர் காதிலும் விழும். கடைசியில் தன் பேச்சாலேயே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போவார். நல்லெண்ணத்தோடு உடனே திருத்தப் பாயும் இந்தத் துடிப்பைத்தான் மில்லரும் ரோல்னிக்கும் முதலில் அடக்கச் சொல்கிறார்கள்.

ஒரே நோயாளி, ரெண்டு உரையாடல்

வகுப்பில் நடித்துக் காட்டும் பாணியில் ஒரு கற்பனை உதாரணம். சர்க்கரை இருக்கும், பீடி குடிக்கும் 58 வயது விவசாயி. எதிரே செவிலியர்.

"பீடி இன்னும் குடிக்கிறீங்களா?"

"கொஞ்சம்தாம்மா."

"எத்தனை தடவை சொல்றது? சுகர் இருக்கிறவங்க பீடி குடிச்சா கால் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்மா. வயல்ல நிக்கிறப்ப..."

"வேலை எல்லாருக்கும்தான் இருக்கு."

"சரிம்மா, குறைச்சிக்கிறேன்."

இது முடிந்துபோன உரையாடல். அந்த 'சரிம்மா' பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து போவதற்கான சொல். இதையே வேறு மாதிரி:

"ஐயா, பீடியைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"பேசுங்கம்மா. திட்டத்தானே போறீங்க?"

"போன தடவை நல்லா திட்டு வாங்கிட்டீங்க போல."

"எப்பவும் வாங்குறதுதான்."

"பீடியில உங்களுக்குப் பிடிச்சது என்னங்கய்யா?"

"காலைல டீயோட ஒண்ணு. அது இல்லன்னா நாளே ஓடாது. அப்புறம் வயல்ல நாலு பேரு நிக்கிறப்ப."

"பிடிக்காதது?"

"ராத்திரி இருமல்மா. பேத்தி வேற பக்கத்துல வர மாட்டேங்குது. நாத்தம்ங்குது."

"பேத்தி தள்ளிப் போறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"ஆமாம்மா. அதுக்காகவாவது விட்டுடணும்னு தோணும்."

கால் போய்விடும் என்ற மிரட்டல் செய்யாததைப் பேத்தி செய்துவிட்டாள். 'விட்டுடணும்' என்ற சொல் இந்த முறை அவர் வாயிலிருந்து வந்தது. செவிலியர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? உடனே "பாருங்க, நான் அப்பவே சொன்னேன்ல" என்று குதிக்கக் கூடாது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசவைக்க வேண்டும்.

அதற்கு ஒரு எளிய கருவி, 0 முதல் 10 வரையிலான அளவுகோல். "பீடியை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை?" அவர் 4 என்கிறார் என்று வையுங்கள். நமக்கு வாயில் வருவது "ஏன் 10 இல்ல?" என்ற கேள்வி. அப்படிக் கேட்டால் விட முடியாத காரணங்கள் மறுபடியும் வரிசை கட்டும். கேட்க வேண்டியது, "1-னு சொல்லாம 4-னு சொன்னீங்களே, ஏன்?" இப்போது வருவதெல்லாம் விட வேண்டிய காரணங்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டதும் பதிலும் பக்கம் மாறிவிடுகிறது.

அதற்காகத் தகவலே சொல்லக் கூடாது என்று அர்த்தமில்லை. முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, அனுமதி வாங்கிக்கொண்டு ஒரே ஒரு தகவலைச் சொல்வது, பிறகு "இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?" என்று திரும்பக் கேட்பது. முழுப் பாடத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பதைவிட இதற்கு நேரமும் குறைவு.

தமிழில் செய்வதில் உள்ள சிக்கல்

இந்த முறையின் இதயம் கேள்வி அல்ல, 'பிரதிபலிப்பு'. நோயாளி சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் ஒரு வாக்கியமாகத் திருப்பிச் சொல்வது. மேலே உள்ள உரையாடலில் "பேத்தி தள்ளிப் போறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்பது அப்படிப்பட்ட ஒன்று. ஆங்கிலத்தில் இதைத் தொடங்க ஏகப்பட்ட தேய்ந்துபோன சொற்றொடர்கள் உண்டு. அதையெல்லாம் அப்படியே மொழிபெயர்த்து, "நீங்கள் வருத்தமாக உணர்வதாகத் தோன்றுகிறது" என்று ஒரு செவிலியர் பாகூரில் பேசினால், எதிரே இருப்பவர் "இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் பார்ப்பார்.

தமிழில் எல்லாம் ஒரு 'ஆ'-வில் இருக்கிறது. "கஷ்டமா இருக்கா?" என்றால் கேள்வி. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டு நோயாளி நின்றுவிடலாம். "கஷ்டமா இருக்கு" என்று குரலை இறக்கி நிறுத்தினால், அவர் தொடர்ந்து பேசுவார். பழகிப் பாருங்கள், அந்த 'ஆ'-வை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

'ஏன்' என்ற சொல்லும் அப்படித்தான். "ஏன் நடக்கல?" என்பது தமிழில் காரணம் கேட்பது மாதிரி இல்லை, குற்றம் சாட்டுவது மாதிரி இருக்கிறது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையிடம் கேட்கும் அதே கேள்வி. "நடக்கிறதுல எது தடையா இருக்கு?" என்றால் வேறு பதில் கிடைக்கும். வில்லியனூர் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர் அதற்கு, "ரோட்ல லைட்டு இல்ல", "வேலைவெட்டி இல்லாம நடக்கிறா பாருன்னு பேசுவாங்க" என்று சொல்லக்கூடும். 'ஏன்' என்று கேட்டிருந்தால் "நேரமில்லம்மா" என்பதோடு முடிந்திருக்கும்.

மாற்றத்தின் அறிகுறியை வினைச்சொல்லின் வாலில் பார்க்கலாம் என்பது தமிழின் வசதி. "விடணும்" என்றால் தேவை தெரிகிறது. "விடலாம்", "முடியும்" என்றால் நம்பிக்கை எட்டிப்பார்க்கிறது. "விட்டுடுவேன்" என்றால் வாக்கு. "ரெண்டு நாளா காலைல மட்டும்தான்" என்றால் ஏற்கெனவே அடி எடுத்து வைத்துவிட்டார். காது பழகிய செவிலியர் இந்த வித்தியாசத்தைப் பிடிப்பார். "ட்ரை பண்றேன்" மட்டும் ஏமாற்றும். பாதி நேரம் அது மரியாதையான 'முடியாது'.

மரியாதைதான் பெரிய முட்டுக்கட்டையும். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால், "நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க" என்று பதில் வரும். அதையும் தட்டிவிடக் கூடாது. "உடம்பைப் பத்தி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும்யா. உங்க வீடு, உங்க வயலு உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு, ரெண்டு மூணு வழியை எடுத்து வைத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

ரெண்டு நாள் பயிற்சி போதுமா?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. படித்தால் எளிது, கேட்டால் எளிது. செய்வது அப்படியில்லை.

மில்லர் குழு 2004-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், போதை சிகிச்சைத் துறையில் வேலைசெய்யும் 140 பேரை 5 குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் புத்தகமும் வீடியோவும் மட்டும். ஒரு குழுவுக்கு ஒர்க்‌ஷாப் மட்டும். ஒரு குழுவுக்கு ஒர்க்‌ஷாப்புடன், அவர்கள் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் தரப்பட்ட கருத்து. ஒரு குழுவுக்கு ஒர்க்‌ஷாப்புடன் 6 முறை வரை தனிப்பட்ட வழிகாட்டல். கடைசிக் குழுவுக்கு எல்லாமே.

தானே படித்தவர்களைவிட ஒர்க்‌ஷாப் போனவர்கள் முன்னேறினார்கள். கருத்தோ வழிகாட்டலோ சேர்ந்தபோது திறமை இன்னும் கூடியது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியின் பேச்சில், அதாவது 'மாறணும்' என்று அவர் சொல்லும் அளவில், கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வந்தது எல்லாமே கிடைத்த கடைசிக் குழுவில்தான்.

இன்னொரு முடிவுதான் இதைவிடச் சுவாரசியம். "எனக்கு இது நல்லா வருது" என்று பயிற்சி பெற்றவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மார்க்குக்கும், ஒலிப்பதிவில் தெரிந்த உண்மைத் திறமைக்கும் தொடர்பே இல்லை. ஒர்க்‌ஷாப் முடிவில் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பிவாங்கி, "பயிற்சி பயனுள்ளதாக இருந்தது" என்று அறிக்கை எழுதும் எல்லா நிறுவனங்களும் கவனிக்க வேண்டிய முடிவு இது.

ஒலிப்பதிவில் அப்படி என்ன பார்க்கிறார்கள்? எண்ணுகிறார்கள். 20 நிமிடப் பதிவில் எத்தனை கேள்வி, எத்தனை பிரதிபலிப்பு என்று. சர்வதேச மதிப்பீட்டு முறைப்படி ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பாவது இருந்தால் பரவாயில்லை ரகம், இரண்டு இருந்தால் நல்ல ரகம். சும்மா நோயாளி சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொன்னாரா, அல்லது அதன் உள்ளர்த்தத்தைத் தொட்டாரா என்றும் பிரிக்கிறார்கள். அனுமதி கேட்காமல் அறிவுரை சொன்ன இடங்களும் குறிக்கப்படும். தன் குரலைத் தானே கேட்கும்போது, அனுபவமுள்ள டாக்டர்கூட "நான் இவ்வளவு பேசுறேனா?" என்று அதிரலாம்.

கோவா செய்து காட்டியது

இதெல்லாம் வசதியான நாடுகளுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரைப் பட்டியலில் புதுச்சேரியோடு போட்டிபோடும் அதே கோவாவில், சங்காத் அமைப்பு 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு ஆய்வு நடத்தியது. ஆபத்தான அளவில் குடித்துக்கொண்டிருந்த 377 ஆண்கள் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு அதிகபட்சம் 4 முறை ஆலோசனை. அந்த ஆலோசனையின் பேச்சுமுறை, மேலே சொன்ன அதே முறைதான்.

ஆலோசனை தந்தவர்கள் டாக்டர்களோ உளவியலாளர்களோ இல்லை. மனநலத் துறையில் எந்த முன்பயிற்சியும் இல்லாத உள்ளூர்க்காரர்கள். 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, முந்தைய 14 நாட்களில் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்கள் ஆலோசனை பெற்ற குழுவில் 42 சதவீதம், பெறாத குழுவில் 18 சதவீதம். அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் குழுவின் இந்த முடிவு 'லான்செட்' இதழில் 2017-ல் வந்தது. ஒரு குறையையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. தொடர்ந்து குடித்தவர்களிடம், குடிக்கும் அளவில் ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

அவர்களால் எப்படி முடிந்தது? வகுப்புப் பயிற்சிக்குப் பிறகு ஆலோசகர்கள் குழுவாக உட்கார்ந்து ஒருவர் பேசிய ஒலிப்பதிவை மற்றவர்கள் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். நிபுணர் எப்போதும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. சக ஆலோசகர்கள் போட்ட மதிப்பெண்ணும் நிபுணர்கள் போட்டதும் பெருமளவு ஒத்துப்போனதை அதே குழு 2014-ல் தனியாகப் பதிவு செய்தது. மில்லரின் ஆய்வு சொன்ன 'கருத்தும் வழிகாட்டலும்' கோவாவில் கிடைத்தது இப்படித்தான், அதிகச் செலவில்லாமல்.

கேரளத்திலும் ஒரு பக்கத்து உதாரணம் உண்டு. ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தின் தங்கப்பன் குழு, புகைபிடிக்கும் 224 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. எல்லோருக்கும் டாக்டர் அறிவுரையும் கையேடும் கிடைத்தன. பாதிப் பேருக்கு மட்டும், பயிற்சி பெற்ற, டாக்டர் அல்லாத ஒரு சுகாதாரப் பணியாளர் 3 முறை உட்கார்ந்து பேசினார். 6 மாதத்தில், புகையை விட்டதாகச் சொன்னவர்கள் அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 12.5 சதவீதம், உட்கார்ந்து பேசிய குழுவில் 51.8 சதவீதம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தா?

இல்லை. 48 ஆய்வுகளை, 9,618 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ன் ஒரு தொகுப்பாய்வு, மருத்துவமனைச் சூழலில் இந்த முறைக்குப் பலன் இருப்பதாகச் சொன்னாலும், அது நடுத்தரமான பலன்தான். 25 வயது வரையுள்ள இளைஞர்களின் மதுப்பழக்கத்தைப் பற்றிய 84 ஆய்வுகளை அலசிய காக்ரேன் தொகுப்பு (2016), சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்றே முடித்தது.

நேரம் இன்னொரு சுவர். 2017-ல் வெளியான பன்னாட்டு ஒப்பீடு ஒன்றின்படி, ஒரு நோயாளிக்கு முதல்நிலை டாக்டர் தரும் நேரம் இந்தியாவில் சுமார் 2 நிமிடம், ஸ்வீடனில் 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 நொடி என்பது நமக்கு ஆறுதலா என்று தெரியவில்லை. டாக்டரின் 2 நிமிடத்தில் இதை நுழைக்க முயல்வதைவிட, பிரஷர் பார்க்கும், மாத்திரை கொடுக்கும், வீட்டுக்குப் போகும் செவிலியரிடம் ஒப்படைப்பதுதான் நடக்கிற காரியம்.

அதோடு, மாற்றம் முழுக்க தனிமனிதரின் பொறுப்பு என்று ஆக்கிவிடும் ஆபத்தும் இந்த முறைக்கு உண்டு. விளக்கில்லாத தெருவையும் பக்கத்திலேயே இருக்கும் சாராயக்கடையையும் எந்த உரையாடலும் சரிசெய்யாது. நோயாளி அதைச் சொல்லும்போது காதுகொடுத்து, கொம்யூன் பஞ்சாயத்து வரை கொண்டுபோவதும் சுகாதாரத் துறையின் வேலைதான்.

வில்லியனூரிலும் பாகூரிலும் எங்கே தொடங்கலாம்?

வாய்ப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. 30 வயதைக் கடந்தவர்களுக்காக மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் ஒரு படிவம் உண்டு. புகையிலை உண்டா, மது உண்டா, இடுப்பளவு என்ன, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரையா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். 4-ஐத் தாண்டினால் முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியவர். வீட்டுத் திண்ணையில் நடக்கும் அந்த உரையாடலில், கேள்வி கேட்டு டிக் அடித்துவிட்டு எழுந்து போகலாம். அல்லது 'ஆம்' வந்த ஒரே ஒரு கேள்வியில் 5 நிமிடம் நிற்கலாம். அந்த 5 நிமிடத்துக்குத்தான் பயிற்சி.

மருத்துவ மாணவர்களும் இருக்கிறார்கள். 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ் பாடத்திட்டம், நடத்தை, அறம், தொடர்பாடல் ஆகியவற்றைப் பாடமாகவே ஆக்கியது. 2022 முதல் மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்வர வேண்டும். ஒரே குடும்பத்தை மறுபடி மறுபடி பார்க்கும் ஒருவருக்குத்தான் இந்த முறை சரியாகப் பொருந்தும். முதல் சந்திப்பில் 'விடணும்' என்றவர் மூணாவது சந்திப்பில் 'ரெண்டு நாளா இல்ல' என்பதைக் கேட்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கிறது, நகரத்து ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை.

தேவைப்படுவது வாரத்துக்கு ஒரு மணி நேரம். நோயாளியின் சம்மதத்தோடு போனில் பதிவுசெய்த ஒரு உரையாடல், அதைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும் நாலு செவிலியர்கள், மாதத்துக்கு ஒருமுறை வந்து சேரும் சமூக மருத்துவத் துறை ஆசிரியர் ஒருவர். கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். தடங்கல் பணமாக இருக்காது. செவிலியரின் டியூட்டி நேரத்தில் இந்த ஒரு மணி நேரத்தை வேலையாகக் கணக்கில் எடுப்பார்களா, தன் தவறு நாலு பேர் முன்னால் ஒலிப்பதை ஒருவர் பயமில்லாமல் கேட்கும் சூழல் அங்கே இருக்குமா என்பதில்தான் அது நிற்கும். மேலதிகாரி அந்த அறைக்குள் நுழைந்து குறிப்பெடுக்க ஆரம்பித்தால் அடுத்த வாரம் ஒலிப்பதிவே வராது.

ஊரில் அப்பா, அம்மாவை விட்டுவிட்டு நகரத்தில் வேலைபார்ப்பவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. "வாக்கிங் போனீங்களாப்பா?" என்று தினமும் போனில் கேட்டால் "போனேன், போனேன்" என்ற பதில்தான் கிடைக்கும். "காலைல எழுந்ததும் என்னப்பா செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு, ஏரிக்கரை, டீக்கடை, முழங்கால் வலி என்று அவர் சுற்றிவளைத்துச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்து பாருங்கள். அந்த முழங்கால் வலியைப் பற்றி உங்களிடம் இதுவரை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.